கண்ணாக வரும் நாயும் கடல் கடந்த கல்வியும்

இராஜபாளையம் என்றதும் வெளியூர்க்காரர்கள் இரண்டைக் கூறுவார்கள். ஒன்று பஞ்சாலை, மற்றொன்று நாய். வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அந்த நாய்க்கு 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. பக்கத்து ஆலங்குளத்தில் வாழும் எங்களுக்கு நாய் என்றால் காவல், வேட்டை, நன்றி என்ற மூன்று சொற்களே நினைவுக்கு வரும். ஆனால் உலகின் பல நாடுகளில், நாய் பார்வையற்ற மாணவர்களுடன் கல்லூரிக்குச் செல்கிறது. பாடம் முடியும்வரை மேசைக்கடியில் அமைதியாகப் படுத்திருக்கிறது. இது எவ்வாறு இயலுகிறது? அயல்நாடு சென்று படிக்க விரும்பும் நம் நாட்டு மாணவி ஒருத்திக்கு அது உதவுமா? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக, 1916-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் நாய்களைப் பழக்கி வந்த டோரத்தி யூஸ்டிஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி இம்முயற்சியைப் பற்றி 1927-இல் ஒரு பத்திரிகையில் எழுதினார். அக்கட்டுரையைப் பிறர் படித்துக் காட்டக் கேட்ட மாரிஸ் ஃபிராங்க் என்னும் பார்வையற்ற அமெரிக்க இளைஞர், தமக்கும் அத்தகைய நாய் வேண்டும் என்று அவருக்குக் கடிதம் எழுதினார். 1928-இல் சுவிட்சர்லாந்துக்கும் புறப்பட்டார். போகும்போது கப்பலில் பணியாள் வந்து அழைத்துச் சென்றால்தான் அவரால் அறையை விட்டு வெளியே வர முடிந்தது. பயிற்சி முடிந்து திரும்பும்போதோ, 'பட்டி' என்னும் நாயுடன் தாமே கப்பல் முழுவதும் நடந்தார். நியூயார்க்கில் இறங்கியதும், வாகனங்கள் நிறைந்த அகன்ற சாலை ஒன்றைச் செய்தியாளர்கள் முன்னிலையில் பட்டியுடன் கடந்து காட்டினார். அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1929-இல், அமெரிக்காவின் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளி தோன்றியது. அயல்நாடு சென்று ஒருவர் கற்று வந்த பாடம் ஒரு நாட்டுக்கே பயன்பட்டது!

நாய் வழியை அறிந்து எஜமானரை இழுத்துச் செல்கிறது என்றே பலரும் எண்ணுகிறோம். அது சரியன்று. வழியை அறிந்தவர் மனிதர்தாம். உதாரணமாக, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பார்வையற்ற மாணவி பேருந்து நிலையத்திலிருந்து நூலகத்துக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை தெரு கடந்து எந்தப் பக்கம் திரும்புவது என்பது அவள் மனத்தில் வரைபடமாக இருக்க வேண்டும். பால்கோவாக் கடையின் மணமும், கோயில் மணியின் ஓசையும், காலடியில் மாறும் தரையும் அவளுக்கு அடையாளங்கள். அவள் 'நேராகப் போ', 'இடப்பக்கம் திரும்பு' என்று கட்டளையிடுவாள். வழியில் உள்ள பள்ளம், தூண், நிறுத்தி வைத்த வண்டி, தலையில் இடிக்கும் கிளை ஆகியவற்றை விலக்கி நடத்துவதும், படிக்கட்டு வந்தால் நின்று உணர்த்துவதுமே நாயின் வேலை. நாயின் முதுகில் பூட்டிய வாரோடு இணைந்த விறைப்பான கைப்பிடி வழியே அதன் ஒவ்வோர் அசைவையும் அவள் அறிகிறாள்.

போக்குவரத்து விளக்கின் நிறத்தையும் நாய் பார்த்துச் சொல்வதில்லை. சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்துவது நாயின் கண்ணுக்குக் கடினம். வாகன ஓசையைக் கேட்டுச் சாலையைக் கடக்கலாமா என்று முடிவு செய்பவள் அவளே. ஆனால் அவள் 'போ' என்று சொன்ன நொடியில் ஒரு லாரி விரைந்து வந்தால், நாய் அசையாது நின்றுவிடும். கட்டளையை மீறுவதற்கும் அதற்குப் பயிற்சி உண்டு! கீழ்ப்படிய வேண்டிய இடமும் மறுக்க வேண்டிய இடமும் அறிந்த அந்த நாயிடம் நாமும் கற்க வேண்டியது உண்டு அல்லவா?

நம் ஊர் நாயை இப்பணிக்குப் பழக்கலாமே என்று தோன்றலாம். இராஜபாளையம் நாய் வீரத்தில் குறைந்ததன்று. ஆயினும் அது அந்நியரைக் கண்டால் ஐயுறும். ஓடும் விலங்கைக் கண்டால் துரத்தும். காது கேளாத குட்டிகளும் இவ்வினத்தில் பிறப்பதுண்டு. வழிகாட்டி நாயோ கூட்டத்தில் நின்றாலும், பூனை குறுக்கே ஓடினாலும், யாரேனும் வாலை மிதித்தாலும் நிதானம் இழக்கக் கூடாது. எனவே லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு ஆகிய இனங்களே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. குட்டியைத் தன்னார்வக் குடும்பங்கள் ஓராண்டுக்கு மேல் வளர்த்துப் பொது இடங்களுக்குப் பழக்குகின்றன. பின்னர்ப் பள்ளியில் பல மாதப் பயிற்சி. இறுதியில் நாயும் அதைப் பெறுபவரும் சில வாரங்கள் சேர்ந்து பயில்கின்றனர்.

அயல்நாடு செல்லும் மாணவிக்குச் சில நடைமுறைகள் உள்ளன. வழிகாட்டி நாயைக் கடையில் வாங்குவது போல் வாங்க இயலாது. விண்ணப்பித்து, நேரில் சோதிக்கப்பட்டு, பொருத்தமான நாய் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் வெள்ளைக் கைத்தடியுடன் தனியே நடக்கத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிருந்து இங்கிலாந்துக்கு ஒரு நாயைக் கொண்டு செல்வதானால் அதற்கு மைக்ரோசிப் பொருத்தி, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, 30 நாட்களாவது கழித்து இரத்தப் பரிசோதனை செய்து, இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும். சேர்ந்தபின் சட்டம் துணை நிற்கிறது. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டமும், இங்கிலாந்தில் 2010-ஆம் ஆண்டுச் சட்டமும், வழிகாட்டி நாய் உடன் வருகிறது என்பதற்காகக் கல்லூரியோ உணவு விடுதியோ ஒருவரைத் திருப்பி அனுப்புவதைத் தடுக்கின்றன.

நாய் இல்லாமலே கடல் கடந்து படித்தவர்களும் நம் நாட்டில் உண்டு. நான்கு வயது நிறையும் முன்பே பார்வை இழந்த வேத் மேத்தா, 1949-இல் தம் 15-ஆம் வயதில், அதாவது எங்கள் வயதில், தனியாக அமெரிக்கா சென்று அர்கன்சாஸ் மாநிலப் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். நாயோ கைத்தடியோ இன்றி, ஓசையையும் முகத்தில் படும் காற்றையும் கொண்டே நடந்தார். பின்னர் ஆக்ஸ்போர்டிலும் ஹார்வர்டிலும் பயின்று, புகழ்பெற்ற எழுத்தாளரானார். ஆந்திரத்தைச் சேர்ந்த ஸ்ரீகாந்த் பொல்லா பத்தாம் வகுப்பில் தேறிய பின் அறிவியல் பிரிவு கேட்டார். பார்வையற்றவர் என்று மறுக்கப்பட்டது. வழக்குத் தொடுத்து வென்றார். அப்பிரிவிலேயே படித்தார். 2009-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். திரும்பி வந்து, மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தரும் தொழில் நிறுவனத்தை நடத்துகிறார். சென்னை லிட்டில் ஃபிளவர் கான்வென்டில் படித்த பெனோ ஸெஃபைன், 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் முழுப் பார்வையற்ற அதிகாரியானார். பிரெயில் நூலும், பிறர் படித்துக் காட்டிய பாடமும், எழுத்தை ஒலியாக்கும் கணிப்பொறியும் அவருக்குக் கைகொடுத்தன.

அடுத்த ஆண்டு எந்தப் பிரிவு எடுப்பது என்று நாங்கள் வகுப்பில் பேசிக்கொள்கிறோம். மதிப்பெண் இருந்தால் எங்களைத் தடுப்பார் இல்லை. ஸ்ரீகாந்தோ மதிப்பெண் இருந்தும் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. அந்தப் பூட்டை எந்த நாயாலும் திறக்க முடியாது. நாய் சாலையைக் கடக்க உதவும். பள்ளியின் வாயிலைத் திறக்க வேண்டியவர்கள் மனிதர்களே.

நம் தெருவையும் எண்ணிப் பார்ப்போம். இங்கிலாந்தில் படித்த ஒரு மாணவி தன் நாயுடன் ஆலங்குளத்துக்குத் திரும்பினால், நடைபாதை எங்கே? தெருநாய்கள் சூழ்ந்துகொண்டால் அவள் நாய் எப்படி வேலை செய்யும்? பேருந்து நடத்துநர் ஏற்றிக்கொள்வாரா? நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தடையற்ற பொது இடங்களை வலியுறுத்துகிறது. அதை நம் தெருவுக்குக் கொண்டு வருவது நம் எல்லாருடைய கடமை.

தோழிகளே, இன்றே நாம் செய்யக்கூடியவையும் உள்ளன. வாரில் பூட்டிய வழிகாட்டி நாயை எங்கேனும் கண்டால் தடவவோ உணவு கொடுக்கவோ வேண்டாம்; அது பணியில் இருக்கிறது. வெள்ளைக் கைத்தடியுடன் நிற்பவரின் கையைப் பற்றி இழுக்க வேண்டாம். எரிகோவில் பார்வையற்ற பர்த்திமேயுவைச் சந்தித்த நம் ஆண்டவர் உடனே அவரைக் குணமாக்கிவிடவில்லை. உமக்கு என்ன வேண்டும் என்று முதலில் அவரையே கேட்டார். நாமும் முதலில் கேட்போம். அவர் உதவி வேண்டினால், நம் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளட்டும்; நாம் அரை அடி முன்னே நடப்போம். வேண்டாம் என்றால் வழிவிட்டு நிற்போம். வாரம் ஒரு மணி நேரம் பாடநூலை வாய்விட்டுப் படித்துக் காட்ட ஒருவர் கிடைத்தால் போதும், எங்கோ ஓர் ஊரில் ஒரு மாணவி கடல் கடக்கும் நாள் அவ்வளவுக்கு அருகில் வரும்.