தும்பறை ஓணான்: படம் எடுங்கள், இடம் சொல்லாதீர்கள்

கண்டியிலிருந்து தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய வழியாக நக்கிள்ஸ் மலைக்குப் போகிறவர்கள் கைபேசியில் கொண்டுவரும் படங்களில் அருவியும் மூடுபனியும்தான் அதிகம். எப்போதாவது, பாசி படர்ந்த கிளையோடு ஒட்டிக்கிடக்கும் விரல் நீள ஓணான் ஒன்றும் அகப்படும். அங்கேதான் வில்லங்கம்.

அந்த ஓணான் சேர்ந்த, இலங்கைக்கே உரிய கொபோடிஸ் பேரினத்தில் இருப்பவை இரண்டே இரண்டு இனங்கள். நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கத்தது 1861இல் பெயர் பெற்றது. நக்கிள்ஸில் வாழ்வது வேறு இனம் என்பது 2006இல்தான் உறுதியானது. அந்த ஒரே ஆண்டில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே அதை விவரித்தன. நக்கிள்ஸ் பகுதிக்கு உள்ளூரில் வழங்கும் 'தும்பறை' என்ற பெயரே அதன் அறிவியல் பெயரிலும் நிலைத்தது.

இரண்டும் மெல்ல நகரும், வாலால் கிளையைப் பற்றிக்கொள்ளும், முட்டையிடாமல் குட்டி ஈனும். செதில்களை எண்ணிப் பார்க்கும் ஆய்வாளர்தான் பிரித்தறிவார். குளிர்மலைப் பிராணிகளான இவை நடுவில் கிடக்கும் மகாவலிப் பள்ளத்தாக்கின் வெப்பத்தைத் தாண்டி வரா. ஆகவே நக்கிள்ஸில் அழிந்தால் நுவரெலியாவிலிருந்து ஈடு வராது. நாட்டின் சிவப்புப் பட்டியல் நுவரெலியா இனத்தை ஆபத்திலும், தும்பறை இனத்தை மிகக் கடுமையான ஆபத்திலும் வைத்திருக்கிறது.

ஏலக்காய்க்காகக் கீழ்க்காட்டை வெட்டியதே பெரிய கேடு என்பாரும் உண்டு. இருக்கலாம். ஆனால் 2000இல் பாதுகாப்பு வனமாகி, 2010இல் உலக மரபுரிமையிலும் சேர்ந்த காட்டுக்குள் இன்று கத்தியில்லாமலே திருட முடிகிறது. அரிய ஓணான்களுக்கு ஐரோப்பியச் செல்லப்பிராணிச் சந்தையில் கிராக்கி. ஓடத் தெரியாததைப் பிடிக்க வலை எதற்கு? சினைப் பெண் ஒன்று போனால் அதன் குட்டிகளும் சேர்ந்தே போகும்.

கொழும்பில் நடக்கவிருந்து, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களால் ஜெனீவாவுக்கு மாறிய, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் 2019 மாநாடு, இரு இனங்களையும் முதலாம் பின்னிணைப்பில் சேர்த்தது. காட்டில் பிடித்தவற்றின் சர்வதேச வணிகத்துக்குத் தடை. ஆனால் சுங்கத்தில் பிடிபடுவதற்கு முன்பே, ஓணான் காட்டிலிருந்து போய்விட்டிருக்கும்.

கள்ளனுக்குத் தேவை மரம் எது என்ற தகவல். அதை நாமே சும்மா கொடுக்கிறோம். பாதையின் பெயர், திருப்பம், வரைபடப் புள்ளி எல்லாம் படத்தோடு போகின்றன. கைபேசியில் இடக்குறியை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள். பகிரும்போது 'மத்திய மலைநாடு' என்று மட்டும் எழுதுங்கள், அது போதும்.