ஒரே நாட்காட்டி, இரண்டு திரை

கைப்பேசியில் கூகுள் காலண்டரில், திங்கள் காலை 10 மணிக்குப் பல் டாக்டர் என்று குறித்து வைத்திருக்கிறார் ஒருவர். அலுவலகக் கணினியில் தண்டர்பேர்டைத் திறந்தால் அதே திங்கள் காலியாகக் கிடக்கிறது. அந்த 10 மணிக்கே ஒரு கூட்டத்துக்குச் சம்மதம் சொல்லிவிடுகிறார். நாட்காட்டிகள் இரண்டும் ஒன்றையொன்று அறியாததால் வரும் வினை இது.

இலவச மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டின் முதல் பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. கூகுள் காலண்டர் வந்தது 2006 ஏப்ரலில். தொடக்கத்தில் தண்டர்பேர்டுக்குள் நாட்காட்டியே கிடையாது. லைட்னிங் என்ற துணை மென்பொருளைத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. 2015-இல் அதையும் கூடவே தரத் தொடங்கினார்கள்.

வெவ்வேறு இடங்களில் பிறந்த இந்த இரண்டும் பேசிக்கொள்ளப் பொதுமொழி ஒன்று உண்டு. 1998-இல் வெளியான ஐகேலண்டர் என்ற தரநிலைதான் அது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் அதில் சாதாரண எழுத்துக் கோப்பு: எப்போது தொடங்கும், எப்போது முடியும், எங்கே நடக்கும், அதோடு அந்த நிகழ்ச்சிக்கே உரிய ஓர் அடையாள எண். இந்த எண்தான் உயிர்நாடி. பத்து மணியைப் பதினொன்றாக மாற்றினால், புதிதாக ஒன்று முளைக்காமல் பழையதே திருத்தப்படுவது இதனால்தான்.

இணைக்க இரண்டு வழிகள் உள்ளன. கூகுள் தரும் ஐகேல் முகவரியைத் தண்டர்பேர்டில் ஒட்டுவது எளிய வழி. ஆனால் அதில் பார்க்க மட்டுமே முடியும்; கணினியில் எதையும் சேர்க்கவோ திருத்தவோ முடியாது. பலர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். இருபக்கமும் எழுத வேண்டுமானால் 2007-இல் தரநிலையான கால்டாவ் வழியே சரி. தண்டர்பேர்டில் புதிய நாட்காட்டி என்பதைத் தேர்ந்து, அது இணையத்தில் இருப்பதாகக் குறித்து, ஜிமெயில் முகவரியைக் கொடுத்தால் கூகுளின் நுழைவுப் பக்கம் திறக்கும். அனுமதி தந்ததும் நாட்காட்டிகளின் பட்டியல் வரும். வேண்டியவற்றை டிக் செய்தால் போதும்.

இனி கணினியில் அழித்தது கைப்பேசியிலும் அழியும் என்பது நினைவிருக்கட்டும். நேர மண்டலத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கிரீன்விச் நேரத்தில் 10 மணி என்று பதிவான கூட்டம் இந்திய நேரத்தில் மாலை 3.30-க்குப் போய் நிற்கும்.

கடைசியாக ஒன்று. ஐகேல் முகவரியை ‘ரகசிய முகவரி’ என்றே கூகுள் அழைக்கிறது. அது கையில் இருந்தால் கடவுச்சொல் இல்லாமலே யாரும் உங்கள் நாட்காட்டி முழுவதையும் படிக்கலாம். எப்போதாவது அதை யாருக்கேனும் அனுப்பியிருந்தால், காலண்டர் அமைப்புகளுக்குச் சென்று இன்றே அதை மாற்றிவிடுங்கள்.