மருந்து அடிக்கும் முன்

கரப்பான், கரையான், மூட்டைப்பூச்சி என்று எது தலைகாட்டினாலும், பூச்சி மருந்து அடிக்கும் நிறுவனத்திடம் நாம் முதலில் கேட்பது ‘எவ்வளவு ஆகும்?’ என்றுதான். ஃபோனிலேயே ரேட் சொல்லி, மறுநாளே ஆள் அனுப்புபவர் கெட்டிக்காரராகத் தெரிகிறார். என்னைக் கேட்டால், வீட்டைப் பார்க்காமல் விலை சொல்பவரை அங்கேயே தவிர்த்துவிடலாம். என்ன பூச்சி, எங்கே அடைந்திருக்கிறது, வீட்டில் கைக்குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ மீன் தொட்டியோ உண்டா என்று தெரியாமல், எந்த மருந்து, எவ்வளவு என்று அவர் எப்படி முடிவு செய்வார்?

உரிமம் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் இந்தத் தொழிலுக்கு உரிமம் கட்டாயம். அது இல்லாதவரை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். ஆனால் 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் நடந்ததை மறக்க முடியாது. ஒரு நிறுவனத்தின் ஆட்கள் எலி மருந்து வைத்துவிட்டுப் போன வீட்டில், ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தின் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பிறகு வேளாண் துறை அந்த நிறுவனத்தின் உரிமத்தை ரத்து செய்தது. ரத்து செய்வதற்கு ஓர் உரிமம் இருந்திருக்கிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எந்த மருந்தை எந்த அறையில் வைக்கிறோம், அங்கே யார் தூங்குவார்கள் என்று கேட்டறியும் பொறுப்பை எந்தச் சான்றிதழும் ஏற்றுக்கொள்ளாது.

ரசாயனம் படிக்காத நமக்கு இதெல்லாம் எப்படிப் புரியும் என்ற தயக்கம் நியாயமானதே. ஆனால் லேபிளைப் பார்க்கப் படிப்பு வேண்டாம். மருந்து டப்பாவில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பென்றால் கடும் விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை என்று வீரியம் குறையும். பெயரில்லாத பாட்டிலில் ஏற்கெனவே கலந்து கொண்டுவந்தால், ‘மூலிகை மருந்து’ என்று சொன்னாலும் ஏற்கக் கூடாது. டப்பாவைக் காட்டச் சொல்லி, நம் கண்முன்னே கலக்கச் சொல்ல வேண்டும். நேர்மையானவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

வேலையின் முறையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். கட்டிய வீட்டில் கரையானுக்கு மருந்து செலுத்த ஐஎஸ் 6313 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் சுமார் 30 செ.மீ. இடைவெளியில் 12 மி.மீ. துளைகள் போட்டு, மருந்தை மண்ணுக்குள் இறக்கி, துளைகளை அடைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் மண்கோட்டின் மேல் மட்டும் அடித்துவிட்டுப் போனால், மண்ணுக்கடியில் இருக்கும் கூட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. மூட்டைப்பூச்சியிலும் அப்படித்தான்: பல மருந்துகள் முட்டையைக் கொல்வதில்லை, முட்டை பொரிந்த பிறகு இரண்டு வாரம் போல் கழித்து மறுபடி வர வேண்டியிருக்கும். ‘ஒரே தடவையில் அடியோடு ஒழிப்போம்’ என்பவரைவிட, ‘இன்னொரு தடவை வரணும்’ என்பவர் நம்பத் தக்கவர்.

இப்படிச் செய்பவர் கூடுதலாகக் கேட்கலாம். அந்தப் பணத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மருந்தின் பெயர், அடித்த அறைகள், எத்தனை மணி நேரம் உள்ளே போகக் கூடாது என்பதெல்லாம் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். யாருக்காவது வாந்தியோ மூச்சுத்திணறலோ வந்தால், என்ன மருந்து என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார். சிகிச்சை அதைப் பொறுத்தது.