வளையப் புழுக்களும் புதிய இடப்பதிவுகளும்

மழை பெய்து ஓய்ந்த காலையிலே மண்ணின் மேல் நெளியும் மண்புழுவை அறியாதார் இலர். நாங்கூழ் என நம் முன்னோர் வழங்கியதும் இதனையே. ஈரக் காடுகளில் வழிச்செல்வோர் காலைப் பற்றும் அட்டையும், கடற்கரைச் சேற்றிலிருந்து தூண்டில் இரைக்காகத் தோண்டியெடுக்கப்படும் பன்முட் புழுக்களும் இதன் உறவினவே. உடல் வளையம் வளையமாகத் துண்டுபட்டிருத்தல் இவற்றின் பொதுவியல்பாதலின், விலங்கியலார் இவற்றை அனெலிடா என்னும் ஒரு கணத்துள் அடக்கினர். இக்கணத்திற் பெயரிடப்பட்ட இனங்கள் ஏறத்தாழ 20,000 ஆகும். அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை, துண்டந்தோறும் பல சிலிர்முட்களை உடைமையாற் பன்முட் புழுக்கள் எனப்படுவன. இவற்றுட் பெரும்பாலானவை கடல்வாழ்வன.

இப்புழுக்களைப் பற்றிய ஆராய்ச்சி வெளியீடுகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி காணப்படும். ‘இவ்வினம் இப்பிரதேசத்தில் முதன்முறையாகப் பதிவு செய்யப்படுகின்றது’ என்பதே அது. மேலோட்டமாக நோக்குவார்க்கு இஃது ஓர் எளிய செய்தியே. பட்டியலில் ஒரு பெயர் கூடிற்று என்பதன்றி வேறென்ன எனத் தோன்றும். ஆயினும் அவ்வொரு வாக்கியத்துள் வெவ்வேறான மூன்று செய்திகள் மறைந்திருத்தல் கூடும். அப்புழு பன்னெடுங் காலமாக அங்கேயே வாழ்ந்திருக்கலாம். தேடுவார் இன்மையால் அறியப்படாதிருந்திருக்கலாம். அன்றி, அண்மையிலே பிறநாட்டிலிருந்து வந்து குடியேறியிருக்கலாம். அன்றி, அதற்கு இடப்பட்ட பெயரே பொருந்தாததாய், உண்மையில் அது பெயரற்ற வேறோர் இனமாய் இருக்கலாம். இம்மூன்றனுள் எது உண்மை எனத் துணிதலே ஆய்வாளன் கடன். அதனைத் துணியாது விடுதலால் விளையும் கேட்டினையும் ஈண்டு ஆராய்வாம்.

பட்டியலின் குறையும் நிலத்தின் குறையும்

ஒரு நாட்டின் உயிரினப் பட்டியல் என்பது அந்நாட்டில் உள்ளவற்றின் பட்டியலன்று. அந்நாட்டிற் காணப்பட்டு, ஆராயப்பட்டு, எழுதப்பட்டவற்றின் பட்டியலேயாம். இவ்வேறுபாட்டுக்கு நம் ஈழநாடே சான்றாகும். இத்தீவிற் பணியாற்றிய படை மருத்துவரான இறொபேட் தெம்பிள்தன் என்பார், 1844ஆம் ஆண்டிலே இங்குள்ள பெரிய நீலநிற மண்புழு ஒன்றினை மேகஸ்கோலெக்ஸ் சேருலேயஸ் எனப் பெயரிட்டு வெளியிட்டார். உலகின் மண்புழுக் குடும்பங்களுட் பெரியனவற்றுள் ஒன்று இன்றும் இப்புழுவின் சாதிப்பெயரையே தாங்கி நிற்கின்றது. அப்புழு 1844இல் தோன்றியதன்று. அதற்கு முன் எண்ணிறந்த ஆண்டுகள் இந்நாட்டு மண்ணைக் கிளறிக் கொண்டிருந்தது. அவ்வாண்டில் நிகழ்ந்தது புழுவின் வருகையன்று. அதனை நோக்கும் கண்ணின் வருகையே.

கடற்புழுக்களின் வரலாறும் இத்தகையதே. அவுத்திரிய நாட்டு விலங்கியலாரான சுமார்டா 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கு வந்து சேர்த்த புழுக்கள் பலவற்றை 1861இல் வெளியிட்டார். பின்னர் 1902ஆம் ஆண்டிலே, மன்னார்க் குடாவின் முத்துச்சிப்பிப் பார்கள் பொய்த்தமைக்குக் காரணம் காண்டற்காகப் பேராசிரியர் ஹேர்ட்மன் அழைக்கப்பட்டார். அவர் திரட்டிய பன்முட் புழுக்களைக் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராயிருந்த ஆதர் வில்லி ஆராய்ந்து 1905இல் அறிக்கையாக்கினார். முத்தைத் தேடிச் சென்ற கப்பல் புழுக்களின் பட்டியலையும் உடன்கொண்டு வந்தது எனலாம். ஆயின் முத்துப்பார் இருந்த இடத்தையே அப்பட்டியல் நன்கு அறியும். முத்தில்லாத களப்பும் கழிமுகமும் அத்துணைக் கவனம் பெறவில்லை. எனவே இன்று ஒரு மாணவன் நம் களப்பொன்றிலே பட்டியலில் இல்லாத புழுவொன்றைக் காண்பானாயின், அது நேற்று வந்ததென உடனே முடிவுசெய்தல் பொருந்தாது.

வந்தேறிய புழுக்கள்

எனினும் உண்மையாகவே வந்தேறியனவும் உள. பொந்தொஸ்கோலெக்ஸ் கொரெத்ரூரஸ் என்னும் மண்புழுவை எடுத்துக்கொள்வாம். டார்வினோடு கடிதத் தொடர்புடையவரான பிறிட்சு முல்லர் பிரேசில் நாட்டின் தென்பகுதியில் வாழ்ந்தபோது 1857ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். இதன் வாற்பக்கத்துச் சிலிர்முட்கள் துடைப்பம் போலத் தோன்றுதலின் துடைப்பவாலி என்னும் பொருளுடைய பெயர் பெற்றது. தென்னமெரிக்காவைத் தாயகமாகவுடைய இப்புழு, பயிர்க் கன்றுகளின் வேர்மண்ணோடு கடல் கடந்து, இன்று வெப்பவலய நாடுகள் பெரும்பாலனவற்றிற் பரவியுள்ளது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் தோட்டமண்ணிலே சாதாரணமாகக் காணப்படுகின்றது. ஆணின் சேர்க்கையின்றியே இனம்பெருக்க வல்லதாகையால், ஒரு சாடி மண்ணில் ஒரு புழு வந்தாலும் ஒரு குடி தோன்றிவிடும்.

இதனால் நேரும் தீங்கு சிறிதன்று. பிரேசிலின் அமசோன் பகுதியிலே காடழித்து மேய்ச்சல் நிலமாக்கிய இடங்களைப் பற்றிய ஆய்வொன்று 1999இல் வெளியாயிற்று. காடு மறைந்ததும் அம்மண்ணுக்குரிய பலவகைப் புழுக்களும் மறைந்தன. இப்புழு ஒன்றே பெருகிற்று. அது வெளித்தள்ளும் இறுகிய மண், துளைகள் அடைபட்டு, நீரும் காற்றும் புகாத மேலோடாகியது. மண்புழு உழவனின் நண்பன் என்பது பொதுவுண்மையே. ஆயினும் எம்மண்ணில் எப்புழு என்னும் வினாவை எழுப்பாது அவ்வுண்மையைப் பயன்படுத்தலாகாது என்பதை இது காட்டும்.

நீர்வழி வந்தேறிகளுள் மேர்சியரெல்லா எனிக்மாற்றிக்கா குறிப்பிடத்தக்கது. பிரான்சு நாட்டின் கான் நகரக் கால்வாயிலிருந்து இதனை 1923இல் போவெல் என்பார் விவரித்தார். சுண்ணக் குழாய் கட்டி உவர்நீரில் வாழும் இப்புழுவுக்கு அவர் இட்ட இனப்பெயரின் பொருள் ‘புதிரானது’ என்பதாம். பெயர் மிகப் பொருந்திற்று. முதலில் விவரிக்கப்பட்ட இடம் பிரான்சாயினும் தாயகம் அஃதன்று என்பது விரைவில் உணரப்பட்டது. தாயகம் தென் அவுஸ்திரேலியா என்பார் பலர். எனினும் அவ்வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை. பின்னர் இவ்வினம் பிக்கொப்பொமாற்றஸ் என்னும் சாதியுள் அடக்கப்பட்டது. அச்சாதியோ, கொச்சியின் காயல்களிலிருந்து கிடைத்த புழுவைக் கொண்டு 1921இல் நிறுவப்பட்டதாகும். ஆர்ஜென்டீனாவின் மார் சிக்கிற்றா என்னும் கடனீரேரியில் இப்புழுவின் குழாய்கள் ஒன்றன்மேலொன்று படிந்து பல மீற்றர் விட்டமுள்ள பார்களாக வளர்ந்து, நீரோட்டத்தையும் படகோட்டத்தையும் தடுக்கின்றன. ஒரு பெயர் முதலில் எழுதப்பட்ட இடத்தை அவ்வினத்தின் பிறந்தகமாகக் கொள்ளலாகாது என்பது இதனால் அறியத்தக்கது.

பெயரின் பிழை

மூன்றாவது நிலை மிக நுண்ணியது. ஐரோப்பியக் கடற்கரைகளே முதலில் நன்கு ஆராயப்பட்டன. அங்கு எழுதப்பட்ட நூல்களைத் துணைக்கொண்டே ஏனைய நாட்டார் தம் புழுக்களுக்குப் பெயர் கண்டனர். கிறீன்லாந்துப் புழுவின் விவரணம் வெப்பக்கடற் புழுவுக்கும் ஒருவாறு பொருந்துமாயின் அப்பெயரே அதற்கும் இடப்பட்டது. இவ்வாறு ‘உலகெங்கும் உள்ளன’ எனப்படும் இனங்கள் பல தோன்றின. மேற்கூறிய போவெல் 1953இல் இந்தியா, பாக்கித்தான், இலங்கை, பர்மா, மலாயா ஆகிய நாடுகளின் பன்முட் புழுக்களைத் தொகுத்தளித்த பெருநூல் இன்றும் நமக்கு இன்றியமையாததே. எனினும் அதிலும் தொலைநாட்டுப் பெயர்கள் பல உள என்பதை அதனைக் கையாள்வோர் மறத்தலாகாது.

கப்பிற்றெல்லா கப்பிற்றாற்றா என்பது பபிரீசியஸ் என்பவரால் 1780இற் கிறீன்லாந்திலிருந்து விவரிக்கப்பட்டது. கழிவுநீர் கலந்த சேற்றிலெல்லாம் காணப்படுவதென, மாசடைதலின் அறிகுறியாக இதனை உலகமுழுதும் கொண்டனர். 1976இல் கிறாசில் தம்பதியர் அமெரிக்காவின் மாசச்சூசெற்சுக் கரையிலிருந்த ‘ஒரே’ புழுவை ஆராய்ந்து, அது தம்முட் கலவாத ஆறு இனங்களின் கூட்டமென வெளியிட்டனர். தோற்றம் ஒத்தவாயினும் முட்டையின் பருமனிலும் குடம்பியின் வாழ்விலும் அவை வேறுபட்டன. 2009இற் கிறீன்லாந்துப் புழு மீள விவரிக்கப்பட்டபோது, அப்பெயர் வடமுனையையும் அதனையடுத்த குளிர்க் கடல்களையும் சார்ந்த இனத்துக்கே உரியதெனத் தெளிவாயிற்று. மார்பிசா சங்குவினேயா என்னும் இங்கிலாந்துப் புழுவின் பெயரால் வழங்கப்பட்ட கீழை அவுஸ்திரேலியத் தூண்டிற்புழுவும் 2003இல் மார்பிசா முல்லாவா எனத் தனியினமாக்கப்பட்டது. மீனவர் நாளும் கையாண்ட புழுவொன்று அந்நாள்வரை தனக்குரிய பெயரின்றி இருந்தது.

ஒரே நிகழ்ச்சியில் வருகையும் பெயர்ப்பிழையும் கலத்தலும் உண்டு. 1985ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் பால்டிக்குக் கரையில் மரென்செல்லேரியா என்னும் சாதிப் புழு தோன்றிற்று. நெடுங்காலமாக நன்கு ஆராயப்பட்ட கடலாதலின், அது வந்தேறியதென்பதில் ஐயமில்லை. முதலில் வட அமெரிக்காவின் விரிடிஸ் என்னும் இனமெனக் கருதப்பட்டது. பரம்பரையலகு ஆராய்ச்சி பிற்காலத்தில் அங்கு மூன்றினங்கள் உளவெனக் காட்டிற்று. அவற்றுள் ஒன்றுக்கு 2004ஆம் ஆண்டிலேயே நெக்லெக்ற்றா, அஃதாவது ‘கவனியாது விடப்பட்டது’ என்னும் பெயர் கிடைத்தது. இம்மூன்றும் சேற்றைக் கிளறும் முறையில் வேறுபடுகின்றன. ஒட்சிசன் குன்றிய பால்டிக்கின் அடித்தளத்திலே இக்கிளறல் நீரின் தன்மையையே மாற்றக்கூடியது. சில நிலைகளில் நன்மையும் பயக்கக்கூடும் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். பெயரறியாது விளைவறிய முடியாது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

துணியும் நெறி

இம்மூன்று நிலைகளையும் பிரித்தறிதற்கு ஆய்வாளர் கொள்ளும் சான்றுகள் சில உள. புழு துறைமுகத்தை அடுத்து மட்டும் காணப்படுகின்றதா, முன்பு நன்கு தேடப்பட்ட இடத்தில் திடீரெனத் தோன்றிற்றா, ஆண்டுதோறும் பரப்பு விரிகின்றதா என நோக்குவர். ஆம் எனின் வருகை எனக் கருத இடமுண்டு. வந்தேறிய குடிகளிற் பரம்பரையலகு வேறுபாடு குறைந்திருத்தல் பலகாற் காணப்படும். ஆயினும் பன்முறை வந்த இனத்தில் இக்குறி பொய்க்கும். பெயர் சரியானதா என்பதை அறிதற்கு, அவ்வினம் முதலில் விவரிக்கப்பட்ட இடத்துப் புழுவோடு ஒப்பிடல் வேண்டும். துடைப்பவாலியின் உண்மையினத்தைத் துணிதற்கு ஆய்வாளர் முல்லர் வாழ்ந்த புளுமெனாவுக்கே மீண்டுஞ் சென்றது இதன்பொருட்டேயாம். டீ.என்.ஏ. ஆராய்ச்சியும் இவ்வொப்பீடின்றிப் பயன்படாது. ஒப்பிடப்படும் புழுவின் பெயரே பிழையாயின், முடிவும் பிழையாகும்.

எல்லாவற்றிற்கும் அடிப்படை மாதிரியைப் பேணுதலே. உயிர்ப்புழுவை நேரே திரவத்தில் இட்டாற் சுருங்கிச் சிலிர்முட்கள் மறையும். ஆதலின் முதலில் மெக்னீசியங் குளோரைட்டுக் கரைசலில் மயக்குவர். உறுப்பமைப்புக்காக ஒரு பகுதியைப் போமலினிலும், டீ.என்.ஏ. ஆராய்ச்சிக்காக மற்றொன்றைச் செறிந்த அற்ககோலிலும் வைப்பர், போமலின் டீ.என்.ஏ.யைச் சிதைக்குமாதலின் இவ்விருவழியும் வேண்டற்பாலன. இடம், நாள், ஆழம், நீரின் உவர்ப்பு, எடுத்தவர் பெயர் ஆகியன எழுதிய சீட்டு போத்தலின் உள்ளே இருத்தல் வேண்டும். அம்மாதிரி நூதனசாலையிற் சேர்க்கப்படல் வேண்டும். மாதிரியில்லாத பதிவு சாட்சியில்லாத வழக்கையொக்கும். பின்வருவோர் அதனை மறுக்கவும் இயலாது, நிறுவவும் இயலாது.

நமக்குரிய கடன்

கப்பல்கள் தம் நிறையைச் சமன்செய்தற்கு ஒரு துறையில் ஏற்றும் நீரை மற்றொரு துறையில் வெளியேற்றுகின்றன. அந்நீரிற் புழுக்களின் குடம்பிகளும் வருதலின், அதனை ஒழுங்குசெய்யும் சர்வதேச உடன்படிக்கை 2004இல் இயற்றப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. தென்னாசியாவின் பெருந்துறைகளுள் ஒன்றான கொழும்பைக் கொண்ட நாம் இதனைப் பிறர் செய்தியென விடுதல் தகாது. வந்தேறியைச் சுதேசியென மயங்கின், களைய முடியாத அளவுக்கு அது பெருகியபின்னரே விழிப்போம். சுதேசியைத் தொலைநாட்டுப் பெயரால் அழைப்பின், எங்கும் உள்ளதுதானே என அதன் வாழிடமான களப்பைத் தூர்க்கவும் தயங்கோம்; உலகில் வேறெங்கும் இல்லாத ஓருயிர் பெயர் பெறுமுன்னரே அழிந்துபோதல் கூடும்.

ஒன்றைக் கருதுக. பால்டிக்குக் கடலார் 1985இற் புழுவின் வருகையை உடனே உணர்ந்தது, அதற்கு முன் அங்கு எவை இருந்தன என்பதை எழுதி வைத்திருந்தமையாலன்றோ? நம் களப்புகளிலும் வயல்களிலும் இன்று உள்ளவற்றை இன்றே பதிந்து வையாவிடின், நாளை வருவதை வந்ததென்று கூற ஒருவராலும் இயலாது. இப்பணிக்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. மண்வெட்டியும் சல்லடையும் போத்தலும் ஒரு நுணுக்குக்காட்டியும், பிழையற எழுதும் பழக்கமும் போதும். கல்லூரிகளின் விலங்கியல் மாணவர் தத்தம் ஊர்க்கரையை ஆண்டுதோறும் ஒரே முறையில் ஆராய்ந்து, மாதிரிகளை நூதனசாலைக்கு அனுப்புவாராயின், வில்லி 1905இல் விட்ட இடத்திலிருந்து அப்பட்டியல் மீண்டும் வளரத் தொடங்கும்.