நொட்டிங் ஹில் விழாவும் உள்ளங்கைக் கமெராவும்

மேற்கு லண்டனின் நொட்டிங் ஹில் பகுதியில் ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையும் அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையும் கரீபிய மக்களின் களியாட்ட விழா நடைபெறுகின்றது. 1958 இல் அப்பகுதியில் மூண்ட இனக்கலவரத்தின் பின்னர், 1959 ஜனவரியில் குளோடியா ஜோன்ஸ் சென் பங்ராஸ் நகர மண்டபத்தினுள் நடத்திய விழாவும், 1966 இல் றோன் லாஸ்லெட் ஒழுங்கு செய்த வீதி விழாவுமே இதன் தோற்றுவாய்களாகும். வேண்டாதவர்களாக நடத்தப்பட்ட மக்கள் வீதியைத் தமதாக்கிக்கொண்ட வரலாறு இவ்விழாவுக்கு உண்டு என்பதைப் படம்பிடிக்கச் செல்வோர் அறிந்திருத்தல் நன்று.

இன்று இக்கூட்டத்தினுள் எங்கும் காணப்படுவது உள்ளங்கையில் அடங்கும் அக்ஷன் கமெராவாகும். நிக் வுட்மன் 2002 இல் தொடங்கிய கோப்ரோ நிறுவனத்தின் முதற் கமெரா, கடலலையில் சறுக்குவோர் தம்மைத் தாமே படம்பிடிப்பதற்காக உருவாக்கப்பட்டது. அலையின் மேல் நிற்பவர் ஒருவர்; அவரே படம்பிடிப்பவரும் படத்தில் இருப்பவரும். வீதியிலோ படம்பிடிப்பவர் ஒருவர், படத்தில் விழுவோர் நூற்றுக்கணக்கானோர். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கின்றது.

இக்கமெராவின் வில்லை மிக அகன்ற கோணம் கொண்டது. மூன்று மீற்றருக்கு அப்பால் ஆடுபவர் படத்தில் சிறு உருவமாகிவிடுவார். இறகுகளாலான அலங்கார உடையின் முழு எழிலும் பதிய வேண்டுமாயின் ஏறக்குறைய கை எட்டும் தூரத்துக்குச் செல்ல வேண்டும். அங்கும் படத்தின் ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபட்டுத் தோன்றும். தலைக்கு மேல் தடியில் உயர்த்தினால் தலைகளின் கடல் தெரியுமே தவிர முகங்கள் தெரியா. நெஞ்சு உயரத்தில், அனைவரும் காணும்படி பிடிப்பதே சிறந்தது என்பது எமது கருத்தாகும். அப்போது படம்பிடிக்கப்படுகிறோம் என்பதை அறிந்தவர் சிரிக்கவோ முகம் திருப்பவோ முடிகின்றது.

பொது இடத்தில் படம்பிடிப்பதற்குப் பிரித்தானியாவில் அனுமதிப் பத்திரம் தேவையில்லை. ஆயினும் ஒருவரின் ஆடைக்குக் கீழாக, அவரது சம்மதமின்றி, இழிநோக்குடன் படம்பிடிப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2019 முதல் இரண்டு ஆண்டு வரையான சிறைத்தண்டனைக்குரிய தனிக் குற்றமாகும். ஆடைகள் குறைவென்பதால் ஆடும் பெண்கள் தமது உடலைக் கமெராவுக்கு ஒப்படைத்துவிட்டார்கள் என எண்ணுவோர் இன்னும் உளர். அது வெறும் அறியாமையன்று, அத்துமீறல் ஆகும்.

நெரிசலும் சாதாரண விடயமன்று. கூட்டத்தின் பாதுகாப்புக்காக விழா ஏற்பாட்டாளர்களே 2025 இல் அரசாங்கத்தின் நிதியுதவியைக் கோரினர். நகர்ந்து செல்லும் கூட்டத்தின் நடுவே திரையைப் பார்த்தபடி ஒருவர் நின்றுவிட்டால் பின்னால் வருவோர் ஒருவர்மேல் ஒருவர் மோதுவர். நீண்ட தடி பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கு ஆபத்தானது. சுவரோரமாகவோ படிக்கட்டிலோ ஓரிடத்தில் நின்று, ஊர்வலம் நம்மைக் கடந்து செல்ல விடுவது பாதுகாப்பானது. படமும் குறைவாகவே ஆடும். அசைவைச் சமன்செய்யும் வசதி படத்தின் ஓரங்களை வெட்டியே அதனைச் செய்கின்றது என்பதையும் மறத்தலாகாது.

ஒலிதான் இக்கமெராவின் பெரும் பலவீனம். பாரிய ஒலிபெருக்கிகளின் அடித்தொனியைச் சிறிய ஒலிவாங்கி தாங்காது, இசை கரகரப்பாகிவிடும். தனியான ஒலிப்பதிவுக் கருவியைச் சற்றுத் தொலைவில் இயக்குவது இதற்கு ஓரளவு பரிகாரமாகும்.

ஆனால் பிற்பகல் 3 மணிக்கு நிலைமை மாறுகின்றது. 2017 ஜூன் 14 இல், விழா நடைபெறும் இடத்துக்கு அண்மையிலுள்ள கிரென்ஃபெல் அடுக்குமாடியில் தீயினால் உயிரிழந்த 72 பேருக்காக, 72 விநாடிகள் இசை முற்றாக நிறுத்தப்படுகின்றது. ஒலியளவைத் தானாகவே சரிசெய்யும் கமெரா, அம்மௌனத்தில் ஒரு குழந்தையின் முனகலையும் இறகுகளின் சலசலப்பையும் உயர்த்திப் பதிவுசெய்யும். தொகுக்கும்போது பலர் முதலில் வெட்டி எறிவது அப்பகுதியைத்தான்.