மலை கடந்த டிராலி பஸ்

வடக்கேயிருந்து வீசும் குளிர்காற்றை மலைத்தொடர் ஒன்று குறுக்கே நின்று தடுப்பதால், கருங்கடலில் நீண்டு கிடக்கும் கிரிமியா தீபகற்பத்தின் தென்கரைக்கு, அந்தப் பிரதேசத்தில் வேறெங்கும் காணக்கிடைக்காத இதமான சீதோஷ்ணம் வாய்த்திருக்கிறது. க்ஷயரோகத்தால் நலிந்த எழுத்தாளர் செக்காவ் யால்ட்டாவில் வீடு கட்டிக் குடியேறியது இதை நம்பித்தான். 1920-ல் லெனின் அரசாங்கம் பிறப்பித்த ஆணையின்படி, ஜார் குடும்பத்தாரும் பிரபுக்களும் கட்டிய மாளிகைகள் தொழிலாளருக்கான ஆரோக்கிய நிலையங்களாகிவிட, கோடைதோறும் ஜனங்கள் திரள் திரளாக வரலானார்கள்.

வந்தவர்களை ரயில், மலைக்கு வடபுறமுள்ள சிம்ஃபெரோபோலிலேயே இறக்கிவிட்டது. அங்கிருந்து யால்ட்டாவுக்கு இருப்புப்பாதை போடும் யோசனை பழையது. எஞ்சினீயராகவும் நாவலாசிரியராகவும் பெயர் பெற்ற காரின்-மிகைலோவ்ஸ்கி 1903-லேயே அதற்காகக் கரையோரத்தை அளந்து திட்டம் வகுத்தார். ஆனால் மலையைக் குடைய வேண்டும். அடிக்கடி சரியும் மண்ணோடு மல்லாட வேண்டும். திராட்சைத் தோட்டங்களையும் வனங்களையும் அழிக்க வேண்டும். திட்டம் காகிதத்திலேயே நின்றது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு கூட்டம் பெருகியபோது சோவியத் அதிகாரிகள் தேர்ந்தெடுத்தது, அதுவரை நகரத் தெருக்களில் மட்டுமே பெரும்பாலும் காணப்பட்ட டிராலி பஸ்ஸை. டிராமைப் போலவே இதுவும் தலைக்குமேல் செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று ஓடுவது. ஆனால் டிராமுக்கு மேலே ஒரு கம்பி போதும். வந்த மின்சாரம் தண்டவாளம் வழியே திரும்பிவிடும். ரப்பர்ச் சக்கரத்தில் ஓடும் டிராலி பஸ்ஸுக்கு அந்த வசதி இல்லாமையால், வருவதற்கொன்றும் போவதற்கொன்றுமாக இரண்டு கம்பிகளும், அவற்றைத் தொட்டுச் செல்ல வண்டியின் கூரைமேல் இரண்டு கோல்களும் வேண்டும். இந்தக் குறையைக் குறையென்று சொல்ல எனக்கு மனமில்லை. ஏனெனில் தண்டவாளம் வேண்டாமென்ற அந்த ஒரே சௌகரியந்தான் மலைச்சாலையையே பயன்படுத்திக்கொள்ள வழி செய்தது. நின்ற நிலையிலேயே முழு வலிமையையும் காட்டவல்ல மின்மோட்டாருக்கு ஏற்றம் ஒரு பொருட்டல்ல. இறக்கத்திலோ அதே மோட்டாரையே தடையாகவும் உபயோகிக்கலாமாதலால், சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக்குகள் சூடேறித் தளர்ந்துபோகும் அபாயமும் குறைகிறது. தவிரவும், சுத்தமான காற்றைத் தேடி நோயாளிகள் வரும் ஊருக்குப் புகை கக்காத வண்டியே பொருத்தமென்பதை யாரும் வாதித்து நிறுவ வேண்டியதில்லை.

752 மீட்டர் உயரத்திலுள்ள அங்கார்ஸ்கி கணவாயைக் கடந்து, சிம்ஃபெரோபோலிலிருந்து கடற்கரை ஊரான அலுஷ்டா வரை 52 கிலோமீட்டர் வழி 1959 நவம்பரில் திறக்கப்பட்டது. 1961-ல் அது யால்ட்டா வரை நீண்டது. பின்னாளில் இவ்வழிக்கே அடையாளமாகிவிட்டவை செக்கோஸ்லோவாகியாவிலிருந்து தருவிக்கப்பட்ட ஸ்கோடா வண்டிகள். அவற்றுள் சில முப்பதாண்டுகளுக்கும் மேலாக அந்த ஏற்ற இறக்கங்களில் உழைத்தன.

வேகத்தை விரும்புகிறவனுக்கு இது ஏற்ற பிரயாணமல்ல. யால்ட்டா போய்ச் சேர இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது, சாதாரண பஸ் முந்திக்கொண்டு போய்விடும். ஆயினும் மலிவான கட்டணத்துக்காக அதில் ஏறுகிறவர்கள் இன்றும் உண்டு. ஏறத்தாழ 86 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வழியே உலகத்து டிராலி பஸ் வழிகளிலெல்லாம் மிக நீண்டது.