விற்காமல் போன சுஹைலி



இங்கிலாந்தில் வரும் படகு விளம்பரங்களில் ஒரு வரி அடிக்கடி இருக்கும்: 'பழைய மரப் பாய்மரப் படகு, நன்கு பராமரிக்கப்பட்டது, விற்பனைக்கு.' நன்கு பராமரிப்பது என்றால் என்ன? பெயின்ட் பளபளன்னு இருந்தா போதுமா? போதவே போதாது. ஏன் என்று சொல்ல, எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு படகைப் பற்றி எழுதுகிறேன்.

அதன் பெயர் சுஹைலி. பாரசீக வளைகுடாவில் வீசும் தென்கிழக்குக் காற்றின் அரபுப் பெயர் அது. நீளம் 32 அடி, பாய்மரம் இரண்டு. பிறந்த ஊர் எது தெரியுமா? நம்ம பம்பாய்! கப்பல் அதிகாரியாக இருந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1960-களில் அங்கே தேக்கு மரத்தில் கட்டினார். வரைபடமோ அதற்கும் 40 வருஷம் பழசு. அதாவது கட்டும்போதே அது பழைய பாணிப் படகுதான்.

எங்கும் நிற்காமல், தனியாக உலகைச் சுற்ற வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. அதற்குப் பெரிய எஃகுப் படகு ஒன்று கட்ட நினைத்தார். காசு வேண்டுமே! சுஹைலியை விற்கப் பார்த்தார். வாங்க ஆளே வரலை. சரி, இதிலேயே போவோம் என்று 1968 ஜூன் 14-ல் ஃபால்மவுத் துறைமுகத்தில் இருந்து கிளம்பினார்.

நடு அட்லாண்டிக்கில் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. படகின் அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடும் கட்டைக்கு ஏரா என்று பெயர். அதை ஒட்டிய பலகை இடுக்கு விட்டுப்போயிருந்தது. மனுஷன் சுத்தியலோடு கடலில் குதித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கில் பஞ்சு அடைத்தார். இதைத்தான் நம்ம கடற்கரையில் கலப்பத்து அடிக்கிறது என்பார்கள். அடைத்த பஞ்சு நிற்கவில்லை. அதனால் கான்வாஸ் துணியில் பஞ்சைத் தைத்து, ஆணி அடித்து, மேலே செம்புத் தகடும் பதித்தார். நடுவில் சுறா வேறு வந்தது. மேலே ஏறி அதைச் சுட்டுவிட்டு மறுபடி இறங்கினாராம்! 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22-ல் ஃபால்மவுத் திரும்பினார். 9 பேர் கலந்துகொண்ட போட்டியில் முடித்தவர் அவர் ஒருத்தர்தான். யாரும் வாங்காத படகு!

இப்போ மரத்துக்கு வருவோம். மழைக்காலத்தில் வகுப்புக் கதவு இறுகிப்போய், சாத்த இரண்டு பேர் தேவைப்படுகிறது இல்லையா? கோடையில் அதே கதவு ஆடுகிறது. மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். நமக்கு அது தொல்லை. பலகைப் படகுக்கு அதுதான் உயிர். தண்ணீரில் கிடக்கும்போது பலகைகள் ஊதி ஒன்றை ஒன்று நெருக்கி இடுக்கை மூடிக்கொள்ளும். ரொம்ப நாள் கரையில் காயப்போட்டால் இடுக்கு திறந்துவிடும்.

இன்னொரு ஆச்சரியம். மரத்தை உளுக்க வைப்பதில் கடல் தண்ணீரைவிட மழைத்தண்ணீர் மோசம். உப்பில் பூஞ்சை சரியாக வளராது. மேல்தளத்தில் ஒழுகி மூலையில் தேங்கும் நல்ல தண்ணீரில் அது ஜோராக வளரும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் படகு வாங்கப் போனால் பெயின்டைப் பார்ப்பதில்லை. கரையில் ஏற்றச் சொல்லி, சின்னச் சுத்தியலால் பலகை பலகையாகத் தட்டுவார்கள். 'டங்' என்றால் நல்ல மரம். 'தொப்' என்றால் உள்ளே உளுத்திருக்கு. (தேங்காய் வாங்கும்போது அம்மா தட்டிப் பார்ப்பதும் இப்படித்தான்!) ஒன்றிரண்டு ஆணிகளைக் கழற்றித் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்றும் பார்ப்பார்கள். துரு தின்ற ஆணி வெளியே இருந்து பார்த்தால் எப்போதும் தெரிந்துவிடாது.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? ஜிப்ஸி மோத் 4 என்ற படகைச் சொல்லலாம். 1966–67-ல் பிரான்சிஸ் சிசெஸ்டர் அதில் தனியாக, சிட்னியில் மட்டும் நின்று உலகைச் சுற்றினார். பிறகு லண்டன் கிரீனிச்சில் கரையேற்றிக் காட்சிக்கு வைத்தார்கள். வெயில், மழை, ஏறி இறங்கியவர்களின் காலடி எல்லாம் சேர்ந்து படகைக் கெடுத்தன. 2004-ல் அது கைமாறியபோது விலை என்ன தெரியுமா? ஒரு பவுண்டும் ஒரு கிளாஸ் ஜின்னும்! (ஆசிரியர்கள் மன்னிக்கவும், உண்மை அதுதான்.) பழுதுபார்க்கத்தான் லட்சக்கணக்கில் செலவானது. 2005-ல் மறுபடி கடலில் இறங்கி, 2007-க்குள் இன்னொரு முறை உலகைச் சுற்றியது.

சுஹைலியும் அதே கிரீனிச்சில் மாட்டிக்கொண்டது. 1997-ல் கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அங்கே மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஆனால் உலர்ந்த காற்று. தேக்குப் பலகைகள் சுருங்க ஆரம்பித்தன. இது எனக்குக் கொஞ்சம் வருத்தமான இடம், ஏனென்றால் அங்கே யாரும் அதை அலட்சியமாக விடவில்லை. பத்திரமாக வைத்ததே கெடுதலாகிவிட்டது.

2002-ல் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதை வெளியே எடுத்துக்கொண்டு போய்விட்டார். வருஷக்கணக்கில் பழுதுபார்த்தார். 2018 ஜூனில், முதல் பயணம் கிளம்பி சரியாக 50 வருஷம் ஆனபோது, சுஹைலி ஃபால்மவுத்தில் மறுபடி பாய் விரித்தது. அப்போது அவருக்கு வயது 79.